தொழிற்கூடத்தில் மிகைமெய்மை: கருவிக்கு முன் பணிக்குறிப்பு

ஒரு நாடு இயந்திரங்களை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றைச் செம்மையாக இயக்கும் அறிவைப் பட்டறைதோறும் கொண்டுசேர்ப்பது அத்துணை எளிதன்று. சுதந்திர இந்தியா இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1950-ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1955-இல் தேசியச் சிறுதொழில் கழகம் நிறுவப்பட்டது. தில்லியில் ஓக்லா, சென்னையில் கிண்டி ஆகிய தொழிற்பேட்டைகள் அந்தப் பத்தாண்டிலேயே உருவாயின. சிறுதொழில் விரிவாக்கப் பணியின் நடமாடும் பட்டறை வண்டிகள் கருவிகளையும் செயல்விளக்கங்களையும் தொழில் நடக்கும் இடத்திற்கே கொண்டுசென்றன. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது.

இந்த நீண்ட முயற்சியில் இப்போது புதிதாகப் பேசப்படும் சாதனம், ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டெட் ரியாலிட்டி’ என வழங்கப்பெறும் மிகைமெய்மையாகும். தொழிலாளி பார்க்கும் இயந்திரத்தின் மேலேயே, அடுத்து எந்த போல்ட்டைத் திருக வேண்டும், எந்தக் கம்பியை எங்கே இணைக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. ஆலை கட்டப்படுவதற்கு முன்பே அதன் அமைப்பை வெறுந்தரையில் காணவும் உதவுகிறது. இதனால் விளையும் நன்மை உண்மையானதே. ஆனால் அந்த நன்மை எதைச் சார்ந்தது என்பதை அறியாமல் கருவியை மட்டும் வாங்கினால் பொதுப்பணம் வீணாகும். இந்தச் சார்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

மெய்நிகர் உண்மை என்பது வேறு, மிகைமெய்மை என்பது வேறு. முன்னது பயனாளியை முற்றிலும் கற்பனையான ஒரு சூழலில் வைப்பது. விமானிகளுக்கான பயிற்சிக்கூடமும், மின்முனைகளைச் செலவிடாமல் பற்றவைப்புப் பழகும் சாதனமும் இவ்வகையின. பின்னது உண்மையான சூழலை மறைப்பதில்லை. அதன்மீது குறிப்புகளையும் உருவங்களையும் ஏற்றிக் காட்டுகிறது. ரொனால்ட் அசூமா 1997-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில் இதற்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். உண்மைப் பொருளும் உருவாக்கப்பட்ட பொருளும் ஒன்றாகத் தோன்றல் வேண்டும். பயனாளியின் செயலுக்கு உடனுக்குடன் மறுமொழி தரல் வேண்டும். காட்டப்படும் உருவம் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றிலும் தன் இடத்தில் பிசகாது நிற்றல் வேண்டும்.

இத்துறையின் வேர் 1968-இல் ஐவன் சதர்லாண்ட் அமைத்த தலைக்காட்சிக் கருவியில் உள்ளது. எனினும் ‘ஆக்மென்டெட் ரியாலிட்டி’ என்னும் பெயர் ஆய்வகத்திற்காக அன்றி ஆலைத் தேவைக்காகவே பிறந்தது. போயிங் விமான நிறுவனத்தின் பொறியாளர்களான தாமஸ் காடலும் டேவிட் மிசெலும் இச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்து, 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் பயனை விளக்கினர். 747-400 வகை விமானம் ஒன்றில் ஏறத்தாழ 275 கி.மீ. நீளமுள்ள கம்பி செல்கிறது. இக்கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதற்கு முழு அளவு வரைபடம் ஒட்டிய நீண்ட பலகைகள் பயன்பட்டன. விமானத்தின் அமைப்பு மாறும்போதெல்லாம் பலகையும் மாறியாக வேண்டும். ஒரே வெறும்பலகையின் மேல் தேவையான வரைபடத்தைக் கண்ணாடி வழியே தோன்றச் செய்தால் என்ன என்பதே அவர்களுடைய வினா.

இயங்கும் முறை

மிகைமெய்மைச் சாதனத்தில் மூன்று பகுதிகள் இருத்தல் வேண்டும். காமிராவும் அசைவு உணரிகளும் பயனாளியின் நிலையையும் பார்வைத் திசையையும் கண்டறிகின்றன. கணிப்பொறி அதற்கேற்ற உருவத்தைத் தேர்ந்து, உரிய கோணத்தில் வரைகிறது. காட்சித்திரை அதனைக் கண்ணுக்குக் கொணர்கிறது. இத்திரை மூக்குக்கண்ணாடி வடிவிலோ, கையடக்கக் கணினியாகிய டேப்லெட்டாகவோ இருக்கலாம். மேலிருந்து பணிமேடையின் மீதே ஒளிப்படம் வீழ்த்தும் புரொஜெக்டராகவும் இருக்கலாம்.

இம்மூன்றிலும் கடினமானது முதலாவதே. திசையைக் கணிப்பதில் ஒரே ஒரு பாகை பிழை நேர்ந்தால், 1 மீட்டர் தொலைவில் குறி 17 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். 3 மீட்டர் தொலைவில் விலகல் 5 சென்டிமீட்டரைத் தாண்டும். இருபது மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் வரிசையாக உள்ள தகட்டில், இப்பிழை தொழிலாளியின் கையை அடுத்த துளைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. பளபளக்கும் உலோகம், எண்ணெய்ப் பசை, மங்கிய வெளிச்சம், ஒரே மாதிரியான பாகங்களின் வரிசை ஆகியவை காமிராவைத் தடுமாறச் செய்பவை. இவை எல்லாம் ஒருசேரக் காணப்படும் இடமே நமது பட்டறை.

அயல்நாடுகளின் அனுபவம்

ஜெர்மனியில் மத்திய அரசின் உதவியுடன் 1999 முதல் 2003 வரை ‘ஆர்விகா’ என்னும் கூட்டாய்வு நடைபெற்றது. சீமென்ஸ் நிறுவனம் அதற்குத் தலைமை தாங்கியது. வடிவமைப்பு, உற்பத்தி, பராமரிப்பு ஆகிய மூன்றிலும் இம்முறை ஆராயப்பட்டது. ஏர்பஸ் நிறுவனம் ஏ-380 விமான உடற்பகுதியின் உட்புறத்தில் பொருத்தப்படும் ஏறத்தாழ 80,000 தாங்கிகளைச் சரிபார்க்க இம்முறையைக் கையாண்டு, மூன்று வாரப் பணியை மூன்று நாட்களாகக் குறைத்ததாகத் தெரிவித்தது. அதற்குப் பயன்பட்டது தலையில் அணியும் கருவியன்று. உணரிகள் பொருத்திய டேப்லெட்டே என்பது கருதத்தக்கது.

போயிங் நிறுவனம், தொடக்கக் கனவுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், கம்பிக்கட்டுப் பணியில் கூகுள் கண்ணாடியைச் சோதித்து, பணிநேரம் நூற்றுக்கு 25 பங்கு குறைந்ததாக அறிவித்தது. இந்த வெற்றிகளை இந்தியச் சூழலுடன் ஒப்பிடும்போது ஓர் உண்மையை மறத்தலாகாது. அந்நிறுவனங்களிடம் ஒவ்வொரு தாங்கிக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணிட்ட வரைபடம் ஏற்கெனவே கணிப்பொறியில் இருந்தது. வரைபடம் மாறினால் யார் திருத்துவது, யார் ஒப்புதல் தருவது என்னும் ஒழுங்கும் இருந்தது. சாதனம் அந்த அறிவைக் காகிதத்திலிருந்து பணியிடத்திற்கு மாற்றியதே அன்றி, இல்லாத அறிவை உண்டாக்கவில்லை.

தொழில் திட்டமிடுதலில்

புதிய ஆலை ஒன்றின் அமைப்பைத் திட்டமிடும்போது, காகிதத்தில் பொருந்தும் இயந்திரம் தரையில் பொருந்தாமற் போவதுண்டு. தூண் குறுக்கிடலாம், இயந்திரத்தின் பின்கதவைத் திறக்க இடமின்றிப் போகலாம், பழுதுபார்க்கும் ஃபிட்டர் குனிவதற்கு இடமில்லாதிருக்கலாம். தில்லியில் ஜண்டேவாலான் போன்ற இடங்களில் உள்ள அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் ஒவ்வொரு சதுர அடியும் விலைமதிப்புடையது. அத்தகைய அறையில் டேப்லெட்டைப் பிடித்து நடந்தவாறே, வரவிருக்கும் இயந்திரத்தை முழு அளவில் தரையின்மேல் கண்டு, நடைபாதை போதுமா எனப் பார்க்கலாம். இயந்திரம் இறங்கிய பின் நகர்த்துவதைவிட அதன் உருவத்தை நகர்த்துவது செலவற்றது.

நடைபாதையைப் பற்றிய கேள்வி வசதியைப் பற்றியது மட்டுமன்று. 2019 டிசம்பர் 8 அன்று தில்லி அனாஜ் மண்டியில் தொழிற்கூடங்கள் நடைபெற்ற கட்டடமொன்றில் நேர்ந்த தீவிபத்தில் 43 பேர் உயிரிழந்தனர். 2022 மே 13 அன்று முண்ட்காவில் 27 பேர் மாண்டனர். தப்பும் வழியைத் திரையில் வரைந்து காட்டும் வசதி, அவ்வழி அடைபடாதிருந்தால் மட்டுமே பயன் தரும். திட்டமிடும் நிலையிலேயே அடைப்பைக் கண்டறிந்து நீக்குவதற்கு இச்சாதனத்தைக் கருவியாக்கலாம். தீயணைப்பு விதிகளுக்கு மாற்றாகக் கருதலாகாது.

ஆலைக்கு வெளியேயும் இதே நிலைதான். 2021 அக்டோபர் 13 அன்று தில்லியில் தொடங்கப்பட்ட பிரதமரின் கதிசக்தி தேசியப் பெருந்திட்டம், சாலை, இருப்புப்பாதை, மின்தடம், தொழிற்பகுதி ஆகியவற்றின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காண வழிசெய்தது. நிலத்தைத் தோண்டுவோர் புதைந்துள்ள குழாய், கேபிள் ஆகியவற்றின் உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தருவதற்கான செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது. இவை மிகைமெய்மைச் சாதனங்கள் அல்ல. ஆனால் தெருவில் நிற்கும் பொறியாளர் தன் காலடியில் செல்லும் குழாயைத் திரையில் காண வேண்டுமானால், இத்தகைய வரைபடங்களே அதற்கு அடித்தளம். குழாய் வரைபடத்தில் இரண்டு மீட்டர் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால், திரையும் அதனை இரண்டு மீட்டர் தள்ளியே காட்டும். காண்பவரோ கண்ணால் கண்டதென நம்பித் தோண்டுவார்.

ஒரு பிரஸ் பட்டறை

தில்லி வட்டாரத்தின் சிறுதொழிலில் உலோகத் தகடுகளை வெட்டியும் வளைத்தும் உதிரிப்பாகங்கள் செய்யும் பவர் பிரஸ் பட்டறைகள் முக்கியமானவை. இவற்றில் ஒரு பாகத்திலிருந்து மற்றொரு பாகத்திற்கு மாறும்போது டை மாற்றப்படுகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைத் தாங்கி நிறுத்தி, பழைய டையைக் கழற்றி, புதியதை மையம் பார்த்து வைத்து, போல்ட்டுகளை முறையான வரிசையில் இறுக்கி, ரேம் இறங்க வேண்டிய உயரத்தைச் சரிசெய்து, முதல் பாகத்தை அடித்து அளந்து பார்க்க வேண்டும். இப்பணியைச் செய்யும் செட்டருக்கு, எந்த டையின் எந்த மூலையில் எத்தனை மெல்லிய தகடு வைக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அது பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவர் விடுப்பில் சென்றால் பிரஸ் நிற்கிறது, அல்லது பழகாத கை அதைத் தொடுகிறது.

செட்டரின் அறிவை அவர் வாய்மொழியாகவே கேட்டு, படிப்படியாகப் படம் எடுத்து, டேப்லெட்டில் அந்தந்த டையின்மேல் தோன்றச் செய்தால், பழகுநர் ஒருவர் விரைவில் தேர்ச்சி பெறலாம். தில்லிப் பட்டறைக்குப் பீகாரிலிருந்து வந்தவருக்கும், ஸ்ரீபெரும்புதூருக்கு ஒடிசாவிலிருந்து வந்தவருக்கும் எழுத்தைவிடப் படமும் தாய்மொழிக் குரலும் எளிதில் விளங்கும்.

செலவுக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பட்டறையொன்றில் வாரம் நான்கு முறை டை மாற்றப்படுவதாகவும், ஒவ்வொன்றும் 60 நிமிடம் பிடிப்பதாகவும் கொள்வோம். நேரம் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தால் வாரத்திற்கு ஒரு மணி நேரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் மிஞ்சும். பிரஸ் ஓடும் ஒரு மணி நேரத்தின் மதிப்பு ரூ.500 எனில் ஆண்டு மிச்சம் ரூ.25,000. இந்நிலையில் ரூ.25,000 விலையுள்ள டேப்லெட் ஓராண்டில் தன் விலையை மீட்டுத் தரும். ரூ.2.5 லட்சம் விலையுள்ள தலைக்கருவிக்குப் பத்தாண்டு வேண்டும். அத்துணைக் காலம் அது உழைக்கப்போவதில்லை. பணிக்குறிப்பு தயாரிக்கும் செலவையும் கூட்டினால், தனிப் பட்டறைக்கு இது சுமையே. கழிவாகும் பாகங்கள் குறைவதால் வரும் இலாபம் கணக்கைச் சற்று மாற்றலாம். எனினும் ஒரே வகைப் பணி செய்யும் பல பட்டறைகள் ஒன்றுசேர்ந்து, பொது வசதி மையம் வழியாக இதனை மேற்கொள்வதே பொருளியல் நோக்கில் ஏற்றது.

கருவியின் குறுகிய ஆயுள்

தலைக்கருவிகளின் அண்மை வரலாறு எச்சரிக்கை தருவது. கூகுள் நிறுவனம் தொழில்துறைக்கான தன் கண்ணாடியின் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹோலோலென்ஸ்-2, 2019-இல் 3,500 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ.2.5 லட்சம் விலையில் வெளிவந்தது. அதன் எடை 566 கிராம். மின்கலம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வரை தாங்கும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு அது போதாது. அதன் உற்பத்தி நிறுத்தப்படுவதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு லேத் முப்பதாண்டு உழைக்கும் பட்டறையில் இக்கருவியின் ஆயுள் ஐந்தாண்டே.

கருவி மறையும்போது அதற்கென எழுதிய பணிக்குறிப்புகளும் மறையுமானால் இழப்பு இரட்டிப்பாகும். ஆகவே குறிப்புகளும் உருவங்களும் எந்தச் சாதனத்திலும் திறக்கக்கூடிய பொது வடிவில் இருத்தல் வேண்டும். முப்பரிமாண உருவங்களுக்கான ‘ஜிஎல்டிஎஃப்’ வடிவம் 2022-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 12113 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அரசு உதவியுடன் தயாரிக்கப்படும் பாடங்களுக்கு இத்தகைய தரத்தை ஒப்பந்த நிபந்தனையாக்குவது கடினமன்று.

இது இப்போது அவசரமான கேள்வியுமாகும். 1,000 தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்த ரூ.60,000 கோடி மதிப்பிலான தேசியத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ.30,000 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ.20,000 கோடி, தொழில்துறையின் பங்கு ரூ.10,000 கோடி. இத்தொகையில் எவ்வளவு பெட்டி திறந்த அன்றே பழையதாகும் கருவிக்குச் செல்லும், எவ்வளவு நிலைத்திருக்கும் பாடத்திற்குச் செல்லும் என்பதைக் கொள்முதல் நிபந்தனைகளே முடிவுசெய்யும்.

பாதுகாப்பும் தொழிலாளர் நலனும்

‘சேஃப் இன் இந்தியா’ என்னும் அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், வாகன உதிரிப்பாகத் தொழிலில் விரல்களையும் கைகளையும் இழந்தோரில் பெரும்பகுதியினர் பவர் பிரஸ்ஸில் காயமுற்றவர்கள் எனக் காட்டுகின்றன. இங்கு ஒரு மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். ‘கையை எடு’ எனச் சிவப்பு எழுத்தில் காட்டும் திரை ரேமை நிறுத்தாது. கை குறுக்கிட்டவுடன் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளி உணரியும், இரு கைகளாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தானும் மட்டுமே நிறுத்தும். எச்சரிக்கை என்பது தொழிலாளியின் கவனத்தைச் சார்ந்தது, தடுப்பு அவ்வாறன்று. தடுப்பு இல்லாத பிரஸ்ஸின் முன் கண்ணாடி அணிந்து நிற்பவருக்கு, பார்வையை மறைக்கும் உருவங்கள் கூடுதல் இடரே ஆகும்.

மற்றொன்று கண்காணிப்பு. தொழிலாளியின் தலையில் உள்ள காமிரா இயந்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவர் எத்தனை வினாடி தயங்கினார், எங்கே நோக்கினார் என்பதையும் பதிவுசெய்யவல்லது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதல் பெறாமலே தரவைப் பயன்படுத்த இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தொழிற்சாலைகள் சட்டம், 1948-க்கு மாற்றாக அமைந்த தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, 2020 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பயிற்சிக்காகப் பதிவானதை ஊதியக் குறைப்புக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்துவதில்லை என்னும் உறுதியை நிர்வாகம் எழுத்தில் தருவது நலம். அவ்வுறுதியின்றி அனுபவமிக்க செட்டர் தன் நுட்பத்தைக் காமிராவின் முன் வைக்கத் தயங்குவார், அத்தயக்கம் நியாயமானதே. அவருடைய அறிவால் தயாரான பாடத்தில் அவர் பெயர் இடம்பெறுவதும், அப்பணிக்கு உரிய ஊதியம் அளிக்கப்படுவதும் முறையாகும்.

செய்யத்தக்க வரிசை

மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகத்தின் ‘சமர்த் உத்யோக் பாரத் 4.0’ முயற்சியின்கீழ் பெங்களூரு, புணே ஆகிய நகரங்களிலும் தில்லியிலும் மையங்கள் அமைக்கப்பட்டன. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஆட்டோமேஷன் தொழில்துறையினர் சங்கமும் இணைந்து நிறுவிய நவீன உற்பத்தி அறக்கட்டளை அவற்றுள் ஒன்று. மூலதனப் பொருள் துறையின் போட்டித்திறனை உயர்த்தும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் ரூ.1,207 கோடி மதிப்பில் 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் எக்ஸ்டிக் மையம் மெய்நிகர், மிகைமெய்மை ஆய்வுகளில் ஈடுபட்டுள்ளது. ஆகவே நிறுவன அமைப்புக்குக் குறைவில்லை. வரிசையே தேவை.

முதலாவது, இயந்திரத் தடுப்புகள். இரண்டாவது, ஒவ்வொரு பணிக்கும் எழுதி, சரிபார்த்து, தேதியிட்ட பணிக்குறிப்பு. அதை யார் திருத்துவது என்னும் பொறுப்பு. மூன்றாவது, அக்குறிப்பைப் படமாகவும் குரலாகவும் தரும் டேப்லெட் அல்லது செல்பேசி. நான்காவதாக மட்டுமே தலைக்கருவி. இரு கைகளும் பணியில் ஈடுபட்டிருக்கும் இடத்திலும், தொலைவிலுள்ள வல்லுநரின் உதவி உடனே தேவைப்படும் இடத்திலும் அதற்கு இடமுண்டு. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானப் போக்குவரத்து நின்றபோது, அயல்நாட்டுப் பொறியாளர் வர இயலாத ஆலைகளுக்கு இத்தகைய உதவியின் அருமை புலப்பட்டது.

இவ்வரிசையில் இரண்டாம் படிக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் காலவரம்பு உண்டு. ஓக்லாவிலும் பவானாவிலும் கிண்டியிலும் நீண்டகாலம் உழைத்த செட்டர்களும் ஃபோர்மேன்களும் ஆண்டுதோறும் ஓய்வுபெற்றுச் செல்கின்றனர். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களைப் பழகுநர் காலத்தில் இவர்களுடன் அமர்த்தி, ஆளுக்கொரு பணியைக் குறித்துவரச் செய்வதை இவ்வாண்டே தொடங்கலாம். பின்னர் எந்தக் கருவி சந்தைக்கு வந்தாலும், எது மறைந்தாலும், காட்டுவதற்குரிய அறிவு நாட்டிடம் இருக்கும்.